இரண்டு லிட்டரில் ஒரு மலைச் சுற்று

செங்கம் ரோட்டில் மேற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணி. சித்திரை வெயிலில் தார் இளகி உள்ளங்காலில் ஒட்டியது. காலில் செருப்பு இல்லை. அது என் முதலாளியின் அம்பாசிடர் காரில், டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்தது. வெறுங்காலில் ஓட்டித்தான் எனக்குப் பழக்கம். இறங்கி வந்த வேகத்தில் எடுக்க மறந்துவிட்டேன். திரும்பிப் போய் எடுத்துவரக் கால் மணி நேரம் போதும். ஆனால் அந்த ஆளின் மேஜை டிராயரில் என் டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. அதையே விட்டுவிட்டு வந்தவன் செருப்புக்காகப் போய் வாசலில் நின்றால் நன்றாகவா இருக்கும்?

ஸ்டாண்டில் பழக்கமான ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தார்.

"இன்னாபா, கார் ஓட்றவன் வெறுங்கால்ல போறே? வேண்டுதலா?"

"ஆமா."

"எத்தினி சுத்து?"

"இன்னும் முடிவு பண்ணல."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் ரோட்டை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கினேன். அங்கே முள். மறுபடி தாரில் ஏறினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதன் பிறகு நாக்பூர் வரைக்கும் லாரியில் கிளீனராகப் போனேன், பெங்களூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன், ஓசூர் பக்கம் ஒரு செங்கல் சூளையில் மண் மிதித்தேன். அதில் எந்த இடத்திலும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் துரத்தியதாகச் சொல்ல முடியாது. ஒருநாள் காலையில் எழுந்தால் இந்த இடம் போதும் என்று தோன்றும், கிளம்பிவிடுவேன். திருவண்ணாமலைக்கு வந்ததும் அப்படித்தான். சாமி கும்பிட வரவில்லை. பஸ் அதோடு நின்றுவிட்டது, இறங்கினேன்.

லாரியில் இருந்தபோதே ஓட்டக் கற்றுக்கொண்டேன். இந்த ஊருக்கு வந்துதான் லைசென்ஸ் எடுத்தேன். என் பெயரும் என் போட்டோவும் ஒன்றாக இருந்த காகிதம் உலகத்தில் அது ஒன்றுதான். ரேஷன் கார்டு கிடையாது, பள்ளிக்கூடச் சான்றிதழ் கிடையாது. போலீஸ்காரர் நிறுத்தி "யாருடா நீ" என்று கேட்டால் பதில் சொல்ல என்னிடம் இருந்தது அந்த ஒரு காகிதம். அதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். "ஒரிஜினல் எங்கிட்ட இருக்கட்டும். ஜெராக்ஸ் நீ வெச்சிக்கோ" என்றார். கோயிலைச் சுற்றி வாடகைக் கார் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். டிரைவர் ஓடிப்போகாமல் இருக்க அதுதான் கயிறு.

முதலாளிக்கு இரண்டு கார்கள். கோயிலுக்குக் கிழக்கே ஒரு தெருவில் சின்ன ஆபீஸ், ஒரு மேஜை, ஒரு போன், வெளியே பெஞ்சு. கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார், காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிவரச் சொல்வார். ஆனால் பெட்ரோல் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு வியாதி இருந்தது. டேங்கில் தங்குகிற பெட்ரோல் எல்லாம் திருட்டுப் போகிற பெட்ரோல் என்று நம்பினார். அதனால் எந்த டிரைவரையும் பங்க் பக்கம் விடமாட்டார். அவரே கேனில் வாங்கிவந்து ஆபீசுக்குப் பின்னால் இருந்த அறையில் பூட்டி வைப்பார். காலையில் எங்கே போகிறோம் என்று கேட்டு, லிட்டர் படியால் அளந்து, அவர் கையாலேயே ஊற்றுவார். சாயங்காலம் வண்டி வந்ததும், முனையில் துணி சுற்றிய வளைந்த கம்பி ஒன்றை டேங்கில் விட்டு எடுத்துப் பார்ப்பார். துணி நனைந்திருக்கக் கூடாது. ஈரம் இருந்தால் மறுநாள் அதைக் கழித்துக்கொண்டுதான் ஊற்றுவார். பெட்ரோல் முள் செத்துப் பல வருஷம். கிலோமீட்டர் காட்டுகிற கேபிளும் அறுந்து கிடந்தது. இரண்டையும் அவர் சரி பண்ணவே இல்லை. "முள்ளு வேலை செஞ்சா அதைப் பார்த்து அளவா உறிஞ்சுவான்" என்பார்.

கடைசிச் சொட்டில் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் எங்கள் வேலை. மற்றதெல்லாம் அப்புறம்.

டிரைவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. இன்னொரு காரை ஓட்டியவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்று கூப்பிடுவேன். முதல் வாரமே சொல்லிவிட்டார்.

"லிட்டருக்கு ஏழு கிலோமீட்டரு. எந்தக் கார், எந்த ரோடு, எவன் கேட்டாலும் ஏழு. நீ எட்டுன்னு சொன்னே, நாளைக்கு ஒம்போது கேப்பான் அந்த ஆளு."

"உண்மையில எவ்ளோ குடுக்குதுண்ணே?"

"ஏழுன்னேன் இல்ல?"

சட்டத்தின் இரண்டாவது பகுதி, மாதத்துக்கு ஒருமுறையாவது வண்டி நடுரோட்டில் பெட்ரோல் இல்லாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் ஏழு என்பது நிலைக்கும். அண்ணன் அதற்கு நல்ல இடங்களாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். நிழல், டீக்கடை, அங்கிருந்து போன் பண்ண வசதி. முதலாளி திட்டிக்கொண்டே ஸ்கூட்டரில் கேன் எடுத்து வருவார்.

மிச்சமாகும் பெட்ரோலை அண்ணன் குழாய் போட்டு உறிஞ்சி, மொபெட் வைத்திருந்த பால்காரர்களுக்கு விற்றார். எனக்கும் குழாயை நீட்டினார். நான் ஒருமுறை வாய் வைத்துப் பார்த்தேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. யோக்கியன் என்பதால் விட்டேன் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்தக் கசப்பு ஒத்துவரவில்லை.

என் வண்டியில் மிச்சமானதை நான் ஓட்டித் தீர்த்தேன். இதுதான் உண்மை. வந்தவர்களை லாட்ஜில் இறக்கிவிட்டு, காலி வண்டியை எடுத்துக்கொண்டு தண்டராம்பட்டு ரோட்டில் போவேன், இல்லை செங்கம் தாண்டி மலைகள் தெரிகிற இடம் வரைக்கும் போவேன். கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, எங்கே போகிறோம் என்று யாரும் கேட்காத ஒரு ஓட்டம். டேங்க் காலியாகப் போகிறது என்று தோன்றும் இடத்தில் திரும்புவேன். ஒருமுறைகூட வழியில் நின்றதில்லை. பின்பக்கம் கையால் தட்டினால் வரும் சத்தத்திலேயே உள்ளே ஒரு சொம்பு இருக்கிறதா, ஒரு டம்ளர் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். மேட்டில் ஏறும்போது என்ஜின் ஒரு தரம் விக்கினால் இன்னும் மூன்று கிலோமீட்டர். இரண்டு தரம் விக்கினால் ஒன்றரை. பள்ளத்தில் என்ஜினை அணைத்து உருளவிட்டு ஓட்டினால் அந்தக் கார் லிட்டருக்குப் பத்துக்கு மேல் கொடுக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். முதலாளி கேட்டால் ஏழு என்றுதான் சொன்னேன். அதில் எனக்கு வெட்கம் ஏதும் இல்லை. பூட்டி வைத்த அறைக்கும் கம்பிக்கும் வேறு எப்படிப் பதில் சொல்வது?

அன்றைக்குக் காலையில் முதலாளி இரண்டு லிட்டர் ஊற்றினார். லாட்ஜில் தங்கியிருந்த ஓர் அம்மாவையும் அவருடைய தம்பியையும் மலை சுற்றிக் காட்டி அழைத்து வர வேண்டும். மலைச் சுற்று பதினான்கு கிலோமீட்டர். ஏழு கணக்கில் அது சரியாக இரண்டு லிட்டர். ஊற்றிவிட்டு அவர் கோயிலுக்குப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் அவருடைய மனைவி பையோடு வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வேங்கிக்காலில் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னார். "அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ போ."

போக வர ஆறு கிலோமீட்டர். விட்டுவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தபோது அண்ணன் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு. உன் வண்டி நின்னு ரெண்டு மாசம் ஆவுதுடா. அந்த ஆளு என்னைத்தான் மொறைக்கிறாரு. அடி அண்ணாமலையாண்ட புளியமரம் இருக்குது பாரு, அங்க நிக்க வெச்சிடு. டீ நல்லா இருக்கும்."

சரி என்றேன். ஒப்புக்கொண்டுதான் கிளம்பினேன்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்குக் குறையாது. வந்தவாசிப் பக்கத்து விவசாயக் குடும்பம். இடுப்பெலும்பு உடைந்து எட்டு மாதம் படுத்திருந்தவர். எழுந்து நின்றால் மலையைச் சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாராம். எழுந்து நின்றாயிற்று. ஆனால் கோல் ஊன்றிப் பத்தடி நடந்தால் பதினோராவது அடிக்கு உட்கார வேண்டும். அதனால் கார். ஏறும்போதே எனக்கு உத்தரவு போட்டார்.

"மலை வலது கைப்பக்கமே இருக்கணும் தம்பி. ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. திரும்பவே கூடாது, சொல்லிட்டேன்."

"நேராத்தாம்மா போவோம்."

தம்பிக்காரர் முன்சீட்டில் உட்கார்ந்தார். பயந்த சுபாவம். சுற்றுப் பாதையில் இருக்கிற அக்கினி லிங்கம், எம லிங்கம் என்று ஒவ்வொரு சன்னதியிலும் நிறுத்தினேன். அவர் இறங்கிப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வருவார், அம்மா கண்ணாடி வழியாகவே கும்பிடுவார். செங்கம் ரோட்டில் இருக்கும் ஆசிரமத்தைத் தாண்டி, நிருதி லிங்கத்தில் வலது பக்கம் திரும்பியபோதுதான் தம்பிக்காரர் முள்ளைப் பார்த்தார்.

"இன்னா சார், பெட்ரோலே இல்லைன்னு காட்டுது?"

"முள்ளு செத்துப்போச்சிங்க. எப்பவும் அப்படித்தான்."

"யக்கா, முள்ளு செத்துப்போச்சாம்."

"செத்தா செத்துட்டுப் போவுது. வண்டிக்கு உசுரு இருக்குதில்ல? நீ மூடிக்கினு மலையைப் பாரு" என்றார் அம்மா.

அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன மேட்டில் என்ஜின் ஒரு தரம் விக்கியது. மூன்று கிலோமீட்டர் இருக்கிறது. ஆனால் நான் பேசி வைத்தபடி புளியமரத்து நிழலில் ஒதுக்கி, என்ஜினை அணைத்தேன்.

"பெட்ரோல் தீர்ந்துபோச்சும்மா. டீக்கடையில போன் இருக்குது. முதலாளியை வரச் சொல்றேன். ஒரு மணி நேரம் ஆவும்."

தம்பிக்காரர் பதறிவிட்டார். "அதான் அப்பவே சொன்னேன்! யக்கா, கொஞ்சம் நஞ்சம் இருக்கும்போதே திரும்பிடலாம். செங்கம் ரோட்டுல பங்க் இருந்துச்சு, நான் பார்த்தேன். போட்டுக்கினு வந்துடலாம்."

"திரும்புறதா? பாதி சுத்துல திரும்பினா சுத்தினதெல்லாம் அவுந்து பூடும்டா."

"அப்ப ஒரு மணி நேரம் ஒக்காரு."

"ஒக்காந்துதான எட்டு மாசம் இருந்தேன்?" என்றார் அம்மா. கதவைத் திறந்தார். கோலை வெளியே ஊன்றினார். "நீங்க ரெண்டு ஆம்பளைங்களும் டீ குடிச்சிட்டு வாங்க. நான் முன்னால போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நடக்க ஆரம்பித்துவிட்டார். தம்பிக்காரர் "யக்கா, யக்கா" என்று பின்னால் ஓடினார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார். நான் எண்ணினேன். பத்தடி ஆயிற்று. பதினோராவது அடியில் நின்று, கோலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். உட்காரவில்லை. பன்னிரண்டாவது அடியை எடுத்து வைத்தார்.

அதற்கு மேல் என்னால் புளியமர நிழலில் உட்கார முடியவில்லை. இரக்கம் என்று சொன்னால் பொய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒட்டுப் போட்ட இடுப்பை வைத்துக்கொண்டு ஒருத்தர் முன்னால் போகிறார். ஓடக்கூடிய வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டார்ட் பண்ணி அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஏறுங்கம்மா. ஓட்டிக் காட்டுறேன்."

"இல்லேன்னியே?"

"இல்லாம ஓட்டிக் காட்டுறேன், ஏறுங்க."

மலைக்குப் பின்பக்கத்திலிருந்து ஊருக்குத் திரும்ப இன்னும் ஏழு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. என் கணக்கில் மூன்றுக்குத்தான் இருந்தது. மீதியைப் பள்ளங்களில்தான் சம்பாதிக்க வேண்டும். டாப் கியரில் மெதுவாக வேகம் பிடிப்பேன். ரோடு கொஞ்சம் இறங்கினாலும் என்ஜினை அணைத்து நியூட்ரலில் உருளவிடுவேன். உருண்டு உருண்டு மாட்டு வண்டி வேகத்துக்கு வந்ததும் மறுபடி ஸ்டார்ட். அந்த டேங்கில் வண்டி இடது பக்கம் சாய்ந்தால் அடியில் கிடக்கிற சொச்சம் குழாய் வாய்க்கு வந்து சேரும். அதனால் இடது சக்கரங்கள் இரண்டையும் ரோட்டை விட்டு மண்ணில் இறக்கி, சாய்த்தே ஓட்டினேன். தம்பிக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். ஒரு இடத்தில் காவி கட்டிய சாமியார் ஒருவர் நடந்தே எங்களை முந்திக்கொண்டு போனார்.

"தம்பி, நடக்கிறவன் நம்மள முந்திட்டான் பாரு" என்றார் அம்மா.

"அவருக்கு டேங்க் ஃபுல்லா இருக்கும்மா."

அம்மா சிரித்த சிரிப்பில் பின்சீட்டு ஆடியது. வருண லிங்கத்தில் நிறுத்தாமலே கும்பிட்டுக்கொண்டார். வாயு லிங்கத்தில் தம்பிக்காரரை ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கச் சொன்னார். அவர் மாட்டேன் என்றார். காஞ்சி ரோட்டைப் பிடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் வாயை விட்டேன். யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னேன். ஏழு கணக்கு இல்லை, பத்துக்கு மேல் கொடுக்கும். காலையில் ஊற்றியது இரண்டே லிட்டர். அதிலேயே முதலாளியம்மாவை வேங்கிக்காலில் விட்டுவிட்டு வந்தேன். பதினைந்து மாதத்தில் ஒருமுறைகூட நான் ரோட்டில் நின்றதில்லை, நின்றதெல்லாம் நிறுத்தியதுதான்.

"கெட்டிக்காரன்தான்யா" என்றார் அம்மா.

குபேர லிங்கம் தாண்டியதும் இரண்டு தரம் விக்கியது. ஈசானிய லிங்கம் வந்தபோது விக்கல் நிற்கவே இல்லை. ஊருக்குள் நுழைந்து, கோயில் மதில் ஓரமாகக் கடைசித் திருப்பத்தில் என்ஜின் அடங்கியது. ரோடு அங்கே லேசாக இறக்கம். ஒரு சைக்கிள்காரனையும் ஒரு வெள்ளரிக்காய்க் கூடையையும் ஒதுக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் உருண்டு போய் ராஜகோபுரத்துக்கு எதிரே நின்றது கார். சுற்று முடிந்தது. அம்மா இறங்கி, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கிருந்து ஆபீசுக்கு ஐம்பதடி. நானும் தம்பிக்காரரும் தள்ளிக்கொண்டு போனோம். அம்மா கோலை ஊன்றிப் பின்னால் வந்தார், நடுவில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து எழுந்து.

முதலாளி வாசலில் நின்றார். தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் திட்ட வாயெடுத்தார். அதற்குள் அம்மா கோலை நீட்டினார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க அந்தத் தம்பியை. தங்கமான டிரைவர். ரெண்டு லிட்டர்ல மலையைச் சுத்திட்டாரு, அதுவும் உங்க வீட்டம்மாவை வேங்கிக்கால்ல கொண்டுபோயி வுட்டுட்டு! லிட்டருக்குப் பத்துக்கு மேல குடுக்குதாமே உங்க வண்டி? நல்ல வண்டிங்க. என் இடுப்பு மாதிரி இல்ல."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

முதலாளி சிரித்து, அவர்களுக்கு சோடா வாங்கிக் கொடுத்து, ரிக்ஷாவில் ஏற்றி அனுப்பினார். பிறகு உள்ளே போய்க் கம்பியை எடுத்து வந்தார். டேங்கில் விட்டு எடுத்தார். துணி காய்ந்திருந்தது. அதை என்னிடம் காட்டவில்லை, தானே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருவது கிலோமீட்டரு" என்றார். "ரெண்டு லிட்டரு."

கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அப்ப இத்தினி நாளா நான் ஊத்தினது எங்கடா போச்சு?"

முதலில் அண்ணனைத்தான் உள்ளே கூப்பிட்டார். ஐந்து நிமிஷத்தில் அண்ணன் வெளியே வந்தார், என்னைப் பார்க்காமல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். பிறகு என் முறை. மேஜை மேல் ஒரு முழுத்தாள் கிடந்தது, அண்ணன் கையெழுத்தோடு. பெட்ரோலைத் திருடி வெளியில் விற்றேன், இனிமேல் செய்ய மாட்டேன் என்று இரண்டு வரி. பக்கத்தில் இன்னொரு வெள்ளைத்தாள். அதன் பக்கத்தில் என் லைசென்ஸ்.

"எழுதிட்டு எடுத்துக்கோ" என்றார் முதலாளி. "வேலையை விட்டுத் தூக்க மாட்டேன். லைசென்ஸும் இனிமே உங்கிட்டயே இருக்கட்டும். இந்தக் காகிதம் மட்டும் எங்கிட்ட இருக்கும்."

நல்ல பேரம். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு அந்தத் தெருவில் யாருக்கும் கிடைக்காத பேரம். நான் பேனாவை எடுத்தேன். எடுத்து, எழுதினேன். மிச்சமான பெட்ரோலை முதலாளியிடம் சொல்லாமல் காரில் ஓட்டித் தீர்த்தேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் படித்துவிட்டு மேஜையில் தட்டினார்.

"இன்னா இது? ஓட்டித் தீர்த்தேனா? வித்தேன்னு எழுது."

"விக்கலைங்களே."

"விக்காம? பதினஞ்சு மாசம் ஒருத்தன் சும்மா ரோட்டுல சுத்துவானா? எவன் நம்புவான்?"

"நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். செஞ்சதை எழுதிட்டேன்."

"ஓட்டினா இன்னா, வித்தா இன்னா? என் பெட்ரோலுதான?"

"ஆமாங்க, உங்க பெட்ரோலுதான். அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். விக்காததுக்குப் போட மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. லைசென்ஸை எடுத்து மறுபடி டிராயருக்குள் வைத்தார். "பசி வந்தா எழுதுவே. தாள் இங்கயே இருக்கும்" என்று பூட்டினார். நான் எழுதிய தாளைக் கிழிக்கவும் இல்லை. அதையும் உள்ளேயே வைத்துக்கொண்டார். கார் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு நான் வெளியே வந்தேன்.

அந்த லைசென்ஸ் இன்றுவரை என் கைக்கு வரவில்லை.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் சைக்கிளில் வந்து என்னைப் பிடித்தார். அவ்வளவு தூரம் மிதித்ததில் வியர்த்துக் கொட்டியது.

"ஏன்டா, உன்னை நிக்க வைக்கத்தானே சொன்னேன்? ஒரு மரத்தடியில ஒரு மணி நேரம் உனக்கு நிக்க முடியலையா?"

"முடியலண்ணே."

"உன்னால நானும் எழுதிக் குடுத்தேன்."

அவருக்கு மூன்று பிள்ளைகள். என் ரோஷத்துக்கு அவரும் விலை கொடுத்தார். அதைப் பற்றி நான் பெருமையாக ஒன்றும் சொல்ல முடியாது. "மன்னிச்சிக்கோண்ணே" என்றேன். அவர் காறித் துப்பிவிட்டு, கோபம் தணிந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னோடு நடந்தார்.

"சரி, கேளு. ஸ்டேஷன்ல போயி லைசென்ஸ் தொலைஞ்சிபோச்சுன்னு ஒரு மனு எழுதிக் குடு. ரசீது குடுப்பான். அதை வெச்சி டூப்ளிகேட் வாங்கிடலாம். எல்லாரும் பண்றதுதான்."

"தொலையலையேண்ணே. டிராயர்ல இருக்குது."

"போலீஸுக்கு அது எப்படிடா தெரியும்?"

"எனக்குத் தெரியுதே. அந்த ஆளுக்கு எழுத மாட்டேன்னுட்டு வந்து போலீஸுக்கு எழுதவா? அப்ப அங்கயே எழுதிட்டு லைசென்ஸை வாங்கிக்கினு இருப்பேனே. செருப்பாவது மிச்சமாகியிருக்கும்."

அண்ணன் என் காலைப் பார்த்தார். "உனக்கு மூளையில எங்கயோ ஓட்டை இருக்குதுடா" என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஊரைப் பார்த்துப் போனார்.

அந்த ஊரை விட்டே போய்விடலாமா என்று யோசித்தேன். எப்போதும் செய்வது அதுதான். பஸ் வந்தது, கை காட்டினால் நிற்கும். காட்டவில்லை. போனால் விற்றவன்தான் ஓடிவிட்டான் என்பார்கள். அவர் ஆபீஸ் இருக்கிற ஊரிலேயே, அவர் பார்க்கும்படி, எழுதிக் கொடுக்காமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இடத்தை விட்டுப் போகாமல் இருக்க எனக்குக் காரணம் கிடைத்தது. ஒரு மண்டபத்தில் சாமியார்களோடு படுத்தேன். பசித்தது. எழுதவில்லை.

விடிந்ததும் ஆசிரமத்துக்குப் பின்னால் இருந்த சந்துகளில் வேலை கேட்டுப் போனேன். அப்போது அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு மாடி எழுப்பி, வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். கோடையில் எல்லாக் கிணறும் வற்றியிருந்தது. ஒரு வீட்டில் மட்டும் போர் போட்டு நல்ல தண்ணீர் வந்தது. அந்த வீட்டுக்காரம்மா குடங்களில் பிடித்து, மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றி, அறைகளுக்குத் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தார். ஓட்டிக்கொண்டிருந்தவன் முந்தாநாள் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டானாம். வண்டி வாசலில் சும்மா நின்றது.

"இன்னா வேலை தெரியும்?" என்று கேட்டார்.

"கார் ஓட்டுவேங்க. லாரி ஓட்டுவேன்."

"அப்புறம் ஏன் இங்க வந்து நிக்கிறே?"

"லைசென்ஸ் ஒருத்தர் டிராயர்ல இருக்குதுங்க."

"ஏன், இன்னா பண்ணே?"

"அவரு பெட்ரோலை ஓட்டித் தீர்த்தேன். வித்தேன்னு எழுதச் சொன்னாரு. எழுதல."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். குழாயை மூடிவிட்டு வந்து, குடத்தை எண்ணிக் காட்டினார். "பன்னெண்டு குடம். மேட்டுத் தெருவுல மூணு வீடு. ததும்பி வழிஞ்சா திரும்ப வந்து புடிச்சிக்கினு போகணும்."

பன்னிரண்டு குடத்தையும் ஏற்றிக் கயிறு கட்டினேன். சீட்டில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன், அசையவில்லை. இறங்கி, ஹேண்டில் பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறினேன்.